சாய்ந்த அடிவானம்: மாலுமியின் பெட்டியில் கிடக்கும் படங்கள் யாருக்குச் சொந்தம்?

தமிழன் கடலாண்ட கதை ஒலிக்காத மேடை தமிழ்நாட்டில் இல்லை. இராசேந்திரனின் கப்பற்படை கடாரம் சென்று ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கப்பல்கள் எத்தகையவை, எத்தனை பாய்கள் விரித்தன, எத்தனை யானைகளைச் சுமந்தன என்றெல்லாம் கண்ணால் கண்டவர்போல் விவரிக்கும் பேச்சாளர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் 1971ஆம் ஆண்டுப் போரின்போது கடற்படைக் கப்பலில் பணியாற்றிய நம் ஊர்க்காரர் ஒருவர் அக்கப்பலின் எந்த மூலையில் படுத்து உறங்கினார், எதை உண்டார், யாரோடு சீட்டாடினார் என்று அவர்கள் கேட்டதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கப்பலைக் கற்பனையில் காண்போருக்கு ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கப்பலைக் கண்ணால் காணும் ஆர்வம் இல்லை. இத்தனைக்கும் அந்தக் கப்பலின் படங்கள் உள்ளன. எடுத்தவர் வீட்டுப் பெட்டிக்குள் அவை கிடக்கின்றன.

நாம் சொல்லவருவது இதுதான். போர்க்கப்பலில் பணியாற்றிய சாதாரண மாலுமி தன் சொந்தக் கேமராவால் எடுத்த படம் ஒரு வரலாற்று ஆவணம். போர் முடிந்து, கப்பல் உடைக்கப்பட்டு, ஒரு தலைமுறை கழிந்த பின்னரும் அதனைத் திருட்டுப்பொருள்போல் ஒளித்துவைக்கும் நிலையில் அவரை வைத்திருப்பது அநீதி. அந்த அநீதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத தமிழ் அறிவுலகின் மௌனம் அதனினும் பெரிய அநீதி.

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு கடலைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் ஊரிலிருந்து கடல் தெரியாது என்பது உண்மை. கரிசல் மண்ணும் விசைத்தறிச் சத்தமும் ஆடித்தபசுக் கூட்டமும்தான் இவ்வூரின் அடையாளங்கள். ஆயினும் மழை பொய்க்கும் பூமியில் பிறந்த பிள்ளைகள் சீருடை வேலையைத் தேடிப் போவது பழைய வழக்கம். பழைய நெல்லை மாவட்டத்தின் தென்பகுதியில், நாங்குநேரியை அடுத்த விஜயநாராயணத்தில், தரைமேல் ஒரு 'கப்பல்' நிற்கிறது. 1990இல் பணியில் அமர்த்தப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் அந்தக் கடற்படைத் தளம், நீருக்கடியில் செல்லும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ் அதிர்வெண் அலைகளில் செய்தி அனுப்பும் நிலையம். கரையிலுள்ள தளத்துக்கும் கப்பலின் பெயரையே சூட்டுவது கடற்படை மரபு. எனவே பனங்காட்டு நடுவிலும் எங்கள் பக்கத்தில் கப்பல் உண்டு. கப்பலில் வேலைபார்த்தவர்களும் உண்டு.

அவர்களில் சிலரின் வீடுகளில் நாம் பார்த்த படங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். அக்காலத்தில் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டும் விலையில் கிடைத்த ஆக்பா கிளிக் III போன்ற எளிய பெட்டிக் கேமராக்களால் எடுக்கப்பட்டவை. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். உதகையில் உற்பத்தியான 'இந்து' படச்சுருளோ, வெளிநாட்டுத் துறைமுகத்தில் வாங்கிய சுருளோ அதனுள் ஓடியிருக்கும். படங்களில் என்ன இருக்கிறது? மேல்தளத்தில் வரிசையாக உட்கார்ந்து முடிவெட்டிக்கொள்ளும் மாலுமிகள். கயிற்றில் காயும் பனியன்கள். சமையற்கட்டில் சப்பாத்தி மாவு பிசையும் மாணிக்கப்பூர்க்காரர் ஒருவர். நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாளில் கடலரசன் வேடமிட்டுக் கூத்தடிக்கும் இளைஞர்கள். ஒருவர்மேல் ஒருவராக மூன்றடுக்கில் தொங்கும் படுக்கைகள். ஊரிலிருந்து வந்த கடிதத்தைக் குழாய்களுக்கிடையே குந்தியிருந்து படிக்கும் ஒரு பையன். பீரங்கி ஏதேனும் தென்பட்டால் அது பின்புலத்தில், பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். படமெடுத்தவரின் கவனம் அதில் இல்லை.

இப்படங்களைக் காட்டிய முதியவர் ஒருவர் கூடவே சொன்ன சொல்லும் நினைவில் நிற்கிறது: "இத எங்கயும் போட்டுறாதீய சார், பென்ஷனுக்கு வம்பு வந்துரும்." அவர் காட்டிய படத்திலிருந்த கப்பல் உடைக்கப்பட்டு இரும்பாக விற்கப்பட்டுவிட்டது. அதில் அவரோடு நின்ற இருவர் இறந்துவிட்டனர். அச்சம் மட்டும் இன்னும் பணியிலிருக்கிறது.

இந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1923இல் வெள்ளையர் இயற்றி இன்றளவும் நடப்பிலிருக்கும் அலுவல்முறை இரகசியச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். தடைசெய்யப்பட்ட இடம் என்பதன் இலக்கணத்துக்குள் அரசுக்குச் சொந்தமான கப்பலும் அடங்குகிறது. வரைபடம் என்ற சொல்லின் இலக்கணத்துக்குள் புகைப்படமும் அடங்குகிறது. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறான நோக்கத்தோடு, எதிரிக்கு நேராகவோ மறைமுகமாகவோ பயன்படக்கூடிய வரைபடத்தை உருவாக்குவது மூன்றாம் பிரிவின்படி குற்றம். கடற்படை தொடர்பானதெனில் பதினான்கு ஆண்டுவரை சிறை. நோக்கம் தீயது என்பதை எப்படி மெய்ப்பிப்பது? குறிப்பிட்ட செயல் எதனையும் காட்டவேண்டியதில்லை. சூழ்நிலையோ, நடத்தையோ, ஆளின் அறியப்பட்ட குணமோ அத்தகைய நோக்கத்தைப் புலப்படுத்தினால் போதும் என்கிறது அச்சட்டம். எத்தனை ஆண்டு கழிந்தால் ஒரு படம் எதிரிக்குப் பயன்படாத பழம்படமாகும் என்பதற்கு மட்டும் அதில் விடை இல்லை. இலக்கணம் பயின்ற நமக்கு ஒன்று புரிகிறது: காலம் காட்டாத வினைமுற்று போன்றது இச்சட்டம். அதற்கு இறந்தகாலமே கிடையாது.

இனி, எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துவைப்போம். வலுவற்ற எதிரியோடு மல்லுக்கு நிற்பதில் பெருமை இல்லை. கப்பலில் எடுத்த ஒரு படம் ஆயிரம் உயிரைக் காவுகொள்ளக்கூடும் என்பார்கள். மெய்தான். 1971 போரில் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி வங்கக்கடலுக்கு வந்தது பாகிஸ்தானின் காசி என்னும் நீர்மூழ்கி. விக்ராந்த் அந்தமான் பகுதியில் மறைவாக நிற்க, அது விசாகப்பட்டினத்தில் இருப்பதாகப் போக்குக்காட்டப்பட்டது. அந்தக் கப்பலின் மாலுமி ஒருவர் தீவின் கரை தெரியும்படி எடுத்த படமொன்றை அந்த வாரத்தில் ஊருக்கு அனுப்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

அண்மைக்காலச் சான்றுகளும் உண்டு. 2019 டிசம்பரில், சமூக ஊடகத்தில் பெண்களின் பெயரால் விரிக்கப்பட்ட வலையில் சிக்கிக் கப்பல்களின் இருப்பிடம் பற்றிய தகவல்களைக் கசியவிட்டதாக ஏழு கடற்படையினரை ஆந்திரக் காவல்துறை கைதுசெய்தது. அதன்பின் கப்பல்களிலும் தளங்களிலும் திறன்பேசிக்குக் கடற்படை தடைவிதித்தது. அமெரிக்காவில் கிறிஸ்டியன் சாசியர் என்ற மாலுமி, அலெக்சாண்டிரியா என்னும் அணுசக்தி நீர்மூழ்கியின் உலைப்பகுதிக்குள் 2009இல் தன் கைப்பேசியால் ஆறு படங்கள் எடுத்தார். அக்கைப்பேசி 2012இல் குப்பை சேகரிக்கும் இடத்தில் பிறர் கையில் அகப்பட்டது. 2016இல் அவருக்கு ஓராண்டுச் சிறை. 2018இல் அதிபரின் மன்னிப்பு. தாம் செய்த வேலையைக் குடும்பத்துக்குக் காட்டவே எடுத்ததாக அவர் சொன்னார். அதை நாம் நம்புகிறோம். ஆயினும் பணியிலிருக்கும் நீர்மூழ்கியின் அணு உலையைப் படமெடுப்பது தகாது என்பதிலும் நமக்கு ஐயமில்லை.

ஆகவே, இன்று கடலில் மிதக்கும் கப்பலில் எவரும் விரும்பியபடி படமெடுக்கலாம் என்று நாம் வாதிடவில்லை. மிதக்காத கப்பலைப் பற்றியே பேசுகிறோம். உடைத்து உருக்கப்பட்ட கப்பலின் இருப்பிடத்தை எந்த எதிரி தேடுகிறான்? 1971இன் விக்ராந்த் முதலில் அருங்காட்சியகமாக மும்பையில் நின்றது; சீட்டு வாங்கியவர்கள் அதன் தளத்தில் ஏறி நடந்தார்கள். 2014இல் அது உடைக்கப்படப் போயிற்று. சுற்றுலாப் பயணி எடுத்தால் நினைவுப்படம், அதே தளத்தில் முப்பதாண்டுக்கு முன் மாலுமி எடுத்திருந்தால் ஒளித்துவைக்கவேண்டிய படம் என்றால், அங்கே காக்கப்படுவது இரகசியம் அன்று, படிநிலை.

படிநிலை என்ற சொல்லை வேண்டுமென்றே இடுகிறோம். ஐ.என்.எஸ். டெல்லி என்னும் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அது அகிலீஸ் என்ற பெயரில் 1939இல் தென்னமெரிக்கக் கரையோரம் ஜெர்மானியக் கப்பலோடு பொருதியது. 1948இல் இந்தியாவுக்கு வந்தது. அந்தப் போரைப் பற்றி பிரிட்டிஷார் எடுத்து 1956இல் வெளியான திரைப்படத்தில், தன் பழைய வேடத்தில் தானே நடித்தது அக்கப்பல். பணியிலிருந்த இந்தியப் போர்க்கப்பலில் அயல்நாட்டுத் திரைப்படக் கேமராவுக்கு இடமிருந்தது. உலகெங்கும் திரையிடவும் தடையில்லை. கேமரா யார் கையில் இருக்கிறது, யார் ஒப்புதலோடு இருக்கிறது என்பதுதான் வினாவே தவிர, கேமரா இருக்கலாமா என்பதன்று. அதிகாரத்தின் விருந்தாளிக்குத் திறக்கும் கதவு அதிகாரத்தின் ஊழியனுக்கு மூடுகிறது.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் போர் வரலாறுகளைத் தொகுப்பது பற்றியும் ஆவணங்களின் இரகசியத்தன்மையை நீக்குவது பற்றியும் ஒரு கொள்கையை அறிவித்தது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டத்தையொட்டி, சாதாரணமாக இருபத்தைந்து ஆண்டுகளில் கோப்புகள் வெளிப்படுத்தப்படும் என்றது. வரவேற்கத்தக்கதே. ஆனால் வரலாற்றைத் தொகுக்கும் குழுவின் அமைப்பைப் பாருங்கள்: தலைமை அமைச்சகத்தின் இணைச்செயலர்; முப்படைகளின் பிரதிநிதிகள்; பிற அமைச்சகங்களின் பிரதிநிதிகள்; 'தேவைப்பட்டால்' இராணுவ வரலாற்றாசிரியர்கள். வரலாற்றை எழுத வரலாற்றாசிரியரே தேவைப்பட்டால்தான் என்றால், மாலுமியின் கதி என்ன? கோப்புக்கு இருபத்தைந்து ஆண்டில் விடுதலை. மாலுமியின் டிரங்குப் பெட்டிக்கு ஆயுள்தண்டனை.

கோப்பை மட்டுமே நம்பும் வரலாறு எவ்வளவு நிலையற்றது என்பதற்கும் சான்று உண்டு. 1971 போர் குறித்துக் கல்கத்தாவிலுள்ள தரைப்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகத்தில் இருந்த ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்ற செய்தி 2010இல் நாளேடுகளில் வந்தது. அலுவலகம் தன் நினைவைத் தானே எரித்துக்கொள்ளும் நாட்டில், மாலுமியின் ஆல்பத்தையும் கரையானுக்கு விடுவோமென்றால், நாளைய வரலாற்றாசிரியனுக்கு எஞ்சப்போவது அணிவகுப்புப் படங்கள் மட்டுமே.

*

அரசோடு வாதிடுவது எளிது. நம் இலக்கிய நண்பர்களோடு வாதிடுவதுதான் கடினம். அவர்களில் இருவகையினர் உளர்.

முதல்வகையினர் அழகியல்வாதிகள். 'இவை கலைப்படைப்புகள் அல்ல, வெறும் நினைவுப்படங்கள். ஒளி சரியில்லை, சட்டகம் சரியில்லை, அடிவானம் சாய்ந்து கிடக்கிறது' என்பர். அடிவானம் சாய்ந்து கிடப்பதே இப்படங்களின் உயிர் என்கிறோம் நாம். நாற்பது ஆண்டுக்குமுன் ஒரு தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கப்பல் எத்தனை பாகை சாய்ந்தது என்பதை எந்த அலுவல் படமும் காட்டாது. அலுவல் படக்காரர் கடல் அமைதியாக இருக்கும் நாளில், கொடி பறக்கும் கோணத்தில், அடிவானத்தை நூல்பிடித்து எடுப்பார். அவர் எடுப்பது கப்பலை. ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு மறுகையால் கிளிக் செய்த மாலுமி எடுத்தது கப்பலில் இருத்தலை. இவ்விரண்டும் வேறுவேறு.

இதற்கு உலகறிந்த சான்றொன்று தருவோம். அது சென்னைக்கும் ஒருவகையில் உறவுடையது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த எம்டன், கிழக்காசியாவிலிருந்த ஜெர்மானியக் கப்பற்பிரிவிலிருந்து தனியே பிரிந்துவந்த கப்பல். அப்பிரிவின் ஏனைய பெருங்கப்பல்களில் ஒன்று கினைசெனாவ். 1914 டிசம்பர் 8ஆம் நாள் பாக்லாந்து தீவுகளுக்கு அருகே பிரிட்டிஷ் கப்பல்கள் அதனை மூழ்கடித்தன. அப்போது இன்வின்சிபிள் என்ற கப்பலின் தளத்திலிருந்து ஒரு படம் எடுக்கப்பட்டது. தூரத்தில் இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் நிற்கிறது. அதனைச் சுற்றிய நீரில் புள்ளிபுள்ளியாகத் தலைகள். மூழ்கிய கப்பலின் ஜெர்மானிய வீரர்கள். அவர்களை ஏற்றிக்கொள்ளப் படகுகள் செல்கின்றன. அப்படத்தை எடுத்த ஆர்தர் டக்வொர்த் படமெடுக்கப் பணிக்கப்பட்டவர் அல்லர். கப்பலில் சம்பளக் கணக்குப் பார்க்கும் பிரிவின் இளநிலை அதிகாரி. வெற்றிபெற்ற கப்பலிலிருந்து எடுத்த அந்தப் படத்தில் வெற்றியின் ஆரவாரம் இல்லை. குளிர்நீரில் மனிதர்கள் இருக்கிறார்கள். நூற்றுப்பத்து ஆண்டுகள் கடந்தும் அந்தப் போரை நினைப்போர் அந்தப் படத்தையே நினைக்கின்றனர். பிரிட்டனின் போர் அருங்காட்சியகம் அதனைக் காத்துவைத்திருக்கிறது. நம் கப்பல்களிலும் கணக்கெழுதியவர்கள் இருந்தார்கள், கேமராவும் இருந்தது. இல்லாதது அருங்காட்சியகம்.

தமிழிலக்கியம் பயின்றவர்கள் இந்த 'கலையல்ல' என்னும் தீர்ப்பைக் கேட்டுச் சிரிக்கவேண்டும். ஏனெனில் இது ஏற்கெனவே ஒருமுறை வழங்கப்பட்டுத் தள்ளுபடியான தீர்ப்பு. நாட்டார் பாடல்களையும் கதைப்பாடல்களையும் பண்டிதர்கள் பாமரர் பாட்டு, யாப்பில்லாத பாட்டு, பிழைமலிந்த பாட்டு என்று ஒதுக்கியபோது, இதே நெல்லைச் சீமையில் நா. வானமாமலை அவற்றைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். இன்று அவையின்றிப் பதினெட்டாம் நூற்றாண்டின் தென்தமிழக வரலாற்றைப் பேச முடியுமா? 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனைக் கும்பினியின் கோப்புகள் கலகக்காரனாகவே எழுதிவைத்தன. அவனை வீரனாகக் காத்தது எழுத்தறியாதார் பாடிய கதைப்பாடல். அந்தப் பாடலால் உயிர்த்த பெயரைத்தான் கடற்படை விஜயநாராயணத்துத் தளத்துக்குச் சூட்டிக்கொண்டது. கோப்புக்கு வெளியே இருந்த நினைவால் வாழ்ந்த ஒருவனின் பெயரைத் தாங்கிக்கொண்டே, கோப்புக்கு வெளியே இருக்கும் மாலுமியின் நினைவைக் குற்றமாக நோக்குவது என்ன முரண்!

இரண்டாம் வகையினர் கோட்பாட்டுவாதிகள். 'அரசு வன்முறையின் கருவியான போர்க்கப்பலைப் பற்றிய ஏக்கமிகு நினைவுகளை நாம் ஏன் போற்றவேண்டும்? இது தேசியப் பெருங்கதையாடலுக்குப் பல்லக்குத் தூக்குவது ஆகாதா? கேமராவே ஒரு துப்பாக்கிதானே?' என்பர். சூசன் சொன்டாக் கேமராவையும் துப்பாக்கியையும் ஒப்பிட்டு எழுதியதை மேற்கோள் காட்டாமல் அவர்களால் பேசமுடியாது. சீருடையணிந்தவன் எடுக்கும் படம் எவ்வளவு கொடியதாக இருக்கமுடியும் என்பதை ஈழத்தைப் பார்த்திருந்த தமிழர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2009இல் வன்னியில் வீழ்ந்தோரைச் சிங்களப் படையினர் தம் கைப்பேசியில் வெற்றிச்சின்னமாகப் பதிவுசெய்தனர். ஆனால் எண்ணிப் பாருங்கள்: 2011இல் சானல் 4 தொலைக்காட்சி அவற்றை உலகின் முன் வைத்தபோது, அரசு மறுத்த உண்மைக்குச் சாட்சியமாக நின்றவை அந்தப் படங்களே. செருக்கோடு எடுக்கப்பட்டது குற்றப்பத்திரிகை ஆயிற்று. எடுத்தவனின் நோக்கத்தைப் படம் மீறிவிடுகிறது. அரசின் படப்பிரிவு ஒருபோதும் எடுக்காததை அரசின் ஊழியன் எடுத்துவிடுகிறான். அரசை ஐயுறுவோர்தாம் இத்தகைய படங்களை முதலில் கேட்கவேண்டும். அவர்களோ மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிச் செல்கின்றனர். விளிம்புநிலை பற்றி நூறு கட்டுரை எழுதியவர்கள், கப்பலின் கீழ்த்தளம் என்பதும் ஒரு விளிம்பு என்பதை ஏன் காண மறுக்கிறார்கள்?

கீழ்த்தளத்து வாழ்வு என்பது வெறும் ஏக்கப்பொருள் அன்று. 1946 பிப்ரவரி 18இல் பம்பாயில் தல்வார் என்னும் செய்தித்தொடர்புப் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் உணவை மறுத்து எழுந்தனர். மட்டமான சோறும், இனஇழிவு தொனிக்கும் வசையும், சமமற்ற ஊதியமும் அந்த நெருப்புக்கு விறகாயின. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 78 கப்பல்களிலும் 20 கரைத்தளங்களிலும் 20,000 மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். கராச்சி, கல்கத்தா, சென்னை வரை அது பரவியது. பிப்ரவரி 23இல் சரணடைந்தனர். விடுதலை பெற்ற இந்தியாவும் அவர்களைப் படைக்கு மீண்டும் அழைத்துக்கொள்ளவில்லை. அவர்களில் ஒருவரான பி.சி. தத் தம் நினைவுகளை நூலாக எழுதி 1971இல் வெளியிட்டார். வங்கத்தில் உத்பல் தத் 1965இல் கல்லோல் என்ற நாடகத்தை மேடையேற்றினார். தமிழில் நாம் என்ன செய்தோம்? ப. சிங்காரம் போர்க்காலத் தென்கிழக்காசியாவைத் தந்தார். ஜோ டி குரூஸ் பரதவர் கடலைத் தந்தார். கடற்படைக் கப்பலின் கீழ்த்தளம் நம் புனைவில் அரிதினும் அரிது. உணவுத்தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்த அந்த இளைஞர்களை அவர்களுள் ஒருவரே எடுத்த படம் எதனையும் நம் பாடநூல்கள் நமக்குக் காட்டவில்லை. எழுச்சியின் முகம் நமக்குத் தெரியாது. அதன் எண்ணிக்கை மட்டும் தெரியும்.

முகம் தெரியாத இடத்தில் என்ன வளரும்? வதந்தி வளரும். எம்டன் சென்னையைத் தாக்கியபோது அதில் செண்பகராமன் இருந்தார் என்ற கதை நூற்றாண்டாக நம்மிடையே உலவுகிறது. நூல்களிலும் மேடைகளிலும் அது உண்மையாகவே சொல்லப்படுகிறது. அதற்கு ஆவணச்சான்று இல்லை. 1914இல் அவர் சூரிச், பெர்லின் நகரங்களில் இயங்கியதையே ஆவணங்கள் காட்டுகின்றன. அது அந்த விடுதலைவீரரின் பெருமையை எள்ளளவும் குறைக்காது. ஆனால் நம் பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. எம்டன் என்ற பெயரை வல்லாளனுக்கும் எத்தனுக்கும் பட்டப்பெயராக்கிக்கொண்டோம். 2006இல் 'எம்டன் மகன்' என்று பெயரிட்ட திரைப்படம், தமிழ்ப்பெயருக்கான வரிவிலக்கின் பொருட்டு 'எம் மகன்' ஆனதையும் பார்த்தோம். எம்டனைச் சொல்லாக்கத் தெரிந்த தமிழுக்கு எம்டனை ஆவணமாக்கத் தெரியவில்லை. ஆவணத்தை வெறுக்கும் சமூகம் புராணத்தால் வயிறு நிரப்பிக்கொள்ளும்.

*

இதில் பொறுத்திருக்க நேரமில்லை. 1971 டிசம்பர் 9 இரவு டையூ கடற்பரப்பில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியபோது, கப்பல்தலைவர் மகேந்திரநாத் முல்லாவோடு சேர்த்துப் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். அவர்தம் உடைமைகளும் கடலடியில் சேர்ந்தன. அவர்களோடு முன்பு பணியாற்றி வேறு கப்பலுக்கு மாற்றலாகிப் போனவர்களின் பெட்டிகளில்தான் அந்த 194 பேரின் கப்பல் வாழ்க்கை ஏதேனும் எஞ்சியிருக்கக்கூடும். அன்று இருபது வயதிலிருந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேல். அவர் இறந்தால், 'தாத்தாவின் பழைய சாமான்' என்ற பெயரில் அந்த ஆல்பம் பழைய பேப்பர்காரரிடம் போகும். படத்தின் பின்புறம் மங்கிய மையில் 'விசாகப்பட்டினம், 1969' என்று எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஆளிருக்காது. நெகட்டிவ்வுக்கும் ஆயுள் உண்டு. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அசிடேட் படச்சுருள் சிதையத் தொடங்கினால் காடி நெடி வீசும். பின் சுருண்டு, நொறுங்கிப் போகும். அந்த நெடியைச் சில பெட்டிகளில் நாம் முகர்ந்திருக்கிறோம்.

செய்யக்கூடியவை எவை? முதலாவது, அரசு செய்யவேண்டியது. 2021ஆம் ஆண்டின் கொள்கையை மாலுமிகளின் தனிப்பட்ட படங்களுக்கும் நாட்குறிப்புகளுக்கும் நீட்டவேண்டும். பணியிலிருந்து நீக்கப்பட்ட கப்பலில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தை ஆவணக்காப்பகத்தில் ஒப்படைப்பவர்மீது எந்த நடவடிக்கையும் இராது, ஓய்வூதியத்துக்கு ஊறு வராது என்று எழுத்தில் அறிவிக்கவேண்டும். இன்றும் பயன்பாட்டிலிருக்கும் கருவி ஏதேனும் படத்தில் இருந்தால் அந்தப் படத்தை மட்டும் கடற்படை நிறுத்திவைக்கட்டும். காரணத்தையும் காலத்தையும் சொல்லி நிறுத்திவைக்கட்டும். சப்பாத்தி மாவுக்கு இரகசியமுத்திரை வேண்டாம்.

இரண்டாவது, நிறுவனங்கள் செய்யவேண்டியது. தமிழகத்துப் புகைப்பட நிலையங்களின் பழைய படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு தேடி மின்னுருவாக்கியது. கல்யாணப் படமும் குடும்பப் படமும் ஆய்வுப்பொருள் என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஒரு தனிமனிதரின் சேகரிப்பிலிருந்து எழுந்தது என்பதையும் நாமறிவோம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதுகின்றனர். பலமுறை அரைத்த தலைப்புகளையே மீண்டும் அரைப்பதற்கு மாறாக, மாணவர் ஒருவர் ஒரு முதியவரிடம் அமர்ந்து, ஒவ்வொரு படத்தையும் காட்டி, யார், எங்கே, எப்போது என்று கேட்டுப் பதிவுசெய்தால் அது ஆய்வாகாதா? ஆளில்லாத படம் பாதி ஆவணம். படமில்லாத பேச்சும் பாதி ஆவணம். சங்கரநாராயணர் திருவுருவில் இருபாதி சேர்ந்தே முழுமை என்று நாள்தோறும் கும்பிடும் ஊர்க்காரர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

மூன்றாவது, இதழ்கள் செய்யவேண்டியது. கவிதைக்குப் பக்கத்தில் போடுவதற்கு அயல்நாட்டு ஓவியங்களைத் தேடியலையும் ஆசிரியர்கள், பெயர் மறைத்தேனும் இத்தகைய ஒரு படத்தை, எடுத்தவர் சொல்லும் நாலுவரியோடு, இதழுக்கொன்றாக வெளியிடட்டும். பத்து இதழில் ஒரு கப்பல் எழும்.

மறுப்புரை எழுதவிருப்போருக்கு ஒரே ஒரு வினா. இராசேந்திரனின் கப்பலிலிருந்து மாலுமி ஒருவன் ஓட்டில் கீறிய ஒரு கோட்டோவியம், சாய்ந்த அடிவானத்தோடு, கோணல்மாணலாக, இன்று அகழ்வில் கிடைத்தால் அதைக் கலையல்ல என்று எறிவீர்களா, இரகசியம் என்று பூட்டுவீர்களா, இல்லை கண்ணாடிப் பேழையில் வைத்துத் திருவிழா எடுப்பீர்களா? மூன்றாவதைத்தான் செய்வீர்கள் என்றால், அத்தகைய கோட்டோவியங்கள் நூற்றுக்கணக்கில் இன்று உங்கள் தெருவிலேயே கிடக்கின்றன. கீறியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். போய்க் கதவைத் தட்டுங்கள்.